வாயில் வரும் சொல்லும் மனசில் இருக்கும் பிரியமும்



போன மாதம் எங்க குழுவில் ஒரு அக்கா கடன் கேட்டார். தீர்மான நோட்டு எழுதும்போது, "வாழாவெட்டி, பாவம், கொடுத்துடலாம்" என்றார் ஒருத்தர். அக்கா கடனே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். மாட்டுக்கடனை 20 மாதமும் பாக்கியில்லாமல் கட்டியவர் அவர்! சொன்னவருக்கும் அக்கா மேல் பிரியம்தான். ஆனால் வாயில் வந்தது பரிதாபம். கேட்பவருக்கு அது குத்தும்.

"கணவரைப் பிரிந்து வாழ்பவர்" என்று எழுதலாமா? கடனுக்கு அதுவும் எதற்கு? "தவணை தவறாதவர்" என்று எழுதினால் போதாதா?

நொண்டி, ஊமை என்று கூப்பிடுவதும் இப்படித்தான். ஊனமுற்றோர் என்ற சொல்லை விட்டு மாற்றுத்திறனாளி என்ற சொல்லுக்குத் தமிழக அரசே 2010-ல் மாறியது. நம்ம தெருவில்தான் இன்னும் மாறவில்லை. அவங்களுக்குப் பெயர் இருக்கிறதே, அதைச் சொல்லிக் கூப்பிடலாமே.

அடுத்த கூட்டத்துக்கான பயிற்சி: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுங்கள். "நல்லவங்க" என்று மட்டும் சொன்னால் செல்லாது. "என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி கூட இருந்தாங்க" என்பது போலக் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த அக்காவை 3 பேர் வீட்டுக்கே போய் அழைத்து வந்தோம். வந்தார். இன்னும் சரியாகப் பேசவில்லை.