கைப்பேசிச் செயலியும் மனநலமும்

கோர்வைச் சேலையை ஒருவர் தனியே நெய்வது அரிது. உடலை நெய்பவர் ஒருவர். கரை நாடாவைத் தள்ளும் துணையாள் மற்றொருவர். துணையாள் மனச்சோர்வினால் எழ மறுத்தால் தறி நின்றுவிடுகிறது. அதனால் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் இந்நோய் ஒருவரோடு நிற்பதில்லை. இத்தகைய குடும்பத்தினர் கைப்பேசியைக் காட்டி, "இந்தச் செயலி போதுமா?" என வினவுவதுண்டு.

செயலி ஒரு நல்ல குறிப்பேடு. மருத்துவர் "இந்த இரு வாரங்கள் எப்படி இருந்தன?" என்று கேட்கும்போது, நாம் பெரும்பாலும் அன்றைய மனநிலையைக் கொண்டே விடை கூறுகிறோம். உறங்கிய நேரம், விழித்த நேரம், மாத்திரை உண்ட நாள், தறியில் அமர்ந்த நாள் ஆகியவற்றை அன்றாடம் குறித்து வைத்தால் மருத்துவருக்கு உண்மை நிலை தெரியும். மாத்திரையை நினைவூட்டக் கைப்பேசி அலாரமே போதும். அதற்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை.

பல செயலிகளில் 'பி.எச்.கியூ.-9' என்னும் வினாநிரல் இருக்கும். ஒன்பது வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைக் காண வேண்டும். ஆயினும் அது நோயை உறுதி செய்வதாகாது. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதே சோர்வைத் தரலாம். செயலி இரத்தத்தைப் பரிசோதிப்பதில்லை. மதிப்பெண் குறைந்துவிட்டது என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு.

ஒன்பதாம் வினாவைக் குடும்பத்தினர் தனியே கவனிக்க வேண்டும். இறந்துவிட்டால் நல்லது, அல்லது தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளலாம் என்னும் எண்ணம் உண்டா என்று அது கேட்கிறது. அதற்கு 1 வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் ஆபத்தான பொருள்களையும் அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற எண்ணை அழையுங்கள். இந்திய அரசு 10-10-2022 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவை இது. 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து எனில் 108.

இன்னொன்று, அந்தரங்கம். பயனர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்திற்காக முகநூல் முதலிய நிறுவனங்களுக்குத் தந்ததாக எழுந்த வழக்கில், பெட்டர்ஹெல்ப் என்னும் இணையவழி ஆலோசனை நிறுவனம் 78 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2023-இல் பிறப்பித்த ஆணை அது. தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்கும் செயலிக்கு 'அனுமதி' என்பதை அழுத்துமுன் சற்றே நிதானியுங்கள். மனக்குறிப்பு எழுதுவதற்கு அவை எதற்கு?

அடுத்த முறை வரும்போது கைப்பேசியிலுள்ள குறிப்புகளை மருத்துவரிடம் காட்டுங்கள். தட்டச்சு வராதவர்கள் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி வரலாம், அதையும் படிப்போம்.