லைன் வீட்டில் தெள்ளுப்பூச்சி – சேர்ந்து செய்தால்தான் ஒழியும்



அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, பூந்தமல்லி பக்கம் வேலைக்குப் போகும் நம் உறுப்பினர்களும் நம் பிள்ளைகளும் பலர் லைன் வீடுகளில்தான் வாடகைக்கு இருக்கிறோம். ஒரே சுவர், ஒரே வாசல், ஒரே குழாயடி. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வீட்டில் தெள்ளுப்பூச்சி வந்தால் அடுத்த வீட்டுக்கும் வரும். உடனே "அவங்க வளர்க்கிற பூனையாலதான்" என்று சண்டை தொடங்கிவிடும். சண்டையால் பூச்சி போகாது. அது எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அதை ஒழிக்க முடியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தெள்ளுப்பூச்சிக்கு இறக்கை கிடையாது. பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, பிடிக்கப் போனால் குதித்து ஓடும். பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கணுக்கால் பக்கம் கடிக்கும். மூட்டைப்பூச்சி குதிக்காது, கட்டில், பாய் இடுக்கில் ஒளிந்திருக்கும். பூனை, நாய் படுக்கும் இடத்தில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக இருந்தால், அதை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு.

மருந்து அடிச்சும் ஏன் திரும்ப வருது?

நம் கண்ணில் படுவது கொஞ்சம்தான். பெண் பூச்சி ஒரு நாளைக்கு 20 முட்டைக்கு மேல்கூட இடும். முட்டை ஒட்டாது, பூனை போகிற இடமெல்லாம் உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து தரை வெடிப்பிலும் பாய்க்கு அடியிலும் புகுந்துகொள்ளும். பிறகு தூசியைச் சுற்றிக் கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் மருந்து சரியாகப் போகாது. உள்ளே இருக்கும் பூச்சி மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். ஆள் நடக்கும் அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குடிபோன அன்றைக்கே கடி வாங்குவது இதனால்தான். அதனால் புதிதாக வந்த குடும்பத்தின் மேல் பழி போட வேண்டாம்.

எல்லா வீடும் ஒரே நாளில் செய்ய வேண்டியவை

1. பாய், தலையணை உறை, போர்வை, கால்மிதி எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.

2. அடுப்பு மேடைக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மூலை முடுக்கெல்லாம் பெருக்குங்கள். குப்பையை வாசலில் கொட்டாமல் பையில் இறுக்கிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். தரையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, வெடிப்புகளைச் சிமெண்டால் பூசுங்கள்.

3. பூனை, நாயைப் பேன் சீப்பால் சீவி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். மருந்துக்கு அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். நாய்க்கு உள்ள மருந்தைப் பூனைக்குப் போடக்கூடாது. பெர்மெத்ரின் கலந்தது பூனையைக் கொன்றுவிடும்.

4. இரவில் விளக்கின் கீழே தட்டில் சோப்புத் தண்ணீர் வையுங்கள். பூச்சி குதித்து விழும். இதனாலேயே ஒழிந்துவிடாது; ஆனால் கூடுதா குறையுதா என்று தெரியும்.

ஒரு நாளோடு விட்டால் பலன் இல்லை. கூட்டிலிருந்து புதுப் பூச்சி வந்துகொண்டே இருக்கும். ஒரு மாதமாவது தினமும் பெருக்கி, வாரம் ஒருமுறை படுக்கையைத் துவைக்க வேண்டும்.

வேண்டவே வேண்டாம்!

ஊரில் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வீட்டுக்குள் அடிக்காதீர்கள். சிறிய அறையில் அது குழந்தைக்கு உயிராபத்து. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவதும் தீ விபத்தில் முடியும். மருந்து தேவையென்றால் உரிமம் பெற்ற ஆட்களைக் கொண்டு எல்லா வீட்டுக்கும் ஒன்றாக அடியுங்கள். தரை காயும் வரை பிள்ளைகள் வெளியே இருக்கட்டும்.

எலி இருந்தால் கூடுதல் கவனம்

1896-ல் பம்பாயில் பரவிய பிளேக் நோயை எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிதான் கடத்துகிறது என்று 1898-ல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் சோதித்துக் காட்டினார். எலி செத்தால் அதன் மேலுள்ள பூச்சி வேறு உடம்பைத் தேடும். ஆகவே செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். தெள்ளுப்பூச்சியால் ஒருவகை டைபஸ் காய்ச்சலும் வரும். கடித்த இடத்தைச் சொறியாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பூச்சிக்கடியையும் எலி இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

செலவும் வீட்டுக்காரரும்

மருந்துச் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, நம் குழுக் கணக்கு மாதிரியே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாளைக்குப் பேச்சு வராது. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், கட்டடப் பழுதும் வெள்ளையடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. வெடித்த தரையைச் சரிசெய்யச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கடிதமாகவே கொடுங்கள். ஒருத்தி போய்க் கேட்டால் "காலி பண்ணிக்கோ" என்பார். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்.

ஊர் கூடினால்தானே தேர் நகரும்!

குழுக் கூட்டத்தில் பேச:
• நம் லைனில் எந்தெந்த வீட்டில் கடி இருக்கிறது?
• எல்லாருக்கும் லீவு கிடைக்கும் நாள் எது?
• தெருப் பூனை, எலி தங்கும் இடம் எங்கே?