கியூ தீர்ந்தது, வாக்கு ஏன் சேரவில்லை?

கேள்வி: 2022இல் கோட்டாபய நாட்டை விட்டே ஓடினார். அடுத்து வந்த ரணில் பெட்ரோல், காஸ் கியூவை ஒழித்தார். அப்படியிருந்தும் 2024 தேர்தலில் மூன்றாம் இடம்தான். போராட்டத்துக்குப் பிறகு வரும் இடைக்கால ஆட்சிகள் ஏன் நிலைப்பதில்லை?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: சட்டப்படி பார்த்தால் ரணிலுடையது இடைக்கால அரசு அல்ல. கோட்டாபயவின் மீதிப் பதவிக்காலத்துக்கு, அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரையின்படி பாராளுமன்றம் அவரை 2022 ஜூலை 20 அன்று 134 வாக்குகளால் தெரிவு செய்தது. ஆனால் அவர் கட்சிக்குச் சபையில் இருந்தது ஒரேயோர் ஆசனம். அவருக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர், மக்கள் யாரை எதிர்த்து வீதிக்கு இறங்கினார்களோ அதே பொதுஜன பெரமுனவினர். ஜூலை 22 விடியற்காலையில் காலிமுகத்திடல் போராட்டக்களத்தைப் படையினர் கலைத்ததும் போராட்டக்காரர்களும் பகையானார்கள்.

இப்படி வரும் அரசுக்கு இருபுறமும் இடி. ஏதாவது செய்தால் 'யாரைக் கேட்டுச் செய்தாய்?' என்பார்கள்; செய்யாவிட்டால் 'எதற்கு வந்தாய்?' என்பார்கள்.

ரணில் செய்தார். ஐ.எம்.எஃப். கடனுக்காக மின்கட்டணம் ஏறியது. வற் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. 2022 செப்டெம்பரில் 70 சதவீதம் அளவில் இருந்த பணவீக்கம் அடுத்த ஆண்டு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது உண்மை. ஆனால் விலை ஏறும் வேகம்தான் குறைந்தது. ஏறிய விலை இறங்கவில்லை. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலும் பணமில்லை என்று நின்றுபோனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தையே பாருங்கள். 2024 மே மாதம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் வழக்குப் போட்டன, ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது. தேர்தலுக்குச் சில நாள் முன்பு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயில் முடிந்தது.

செய்யாமல் விட்டதற்கு 1917 ரஷ்யா சாட்சி. நிலப் பங்கீட்டை அரசியல் நிர்ணய சபை பார்த்துக்கொள்ளும் என்று தள்ளிவைத்து, போரை மட்டும் தொடர்ந்த தற்காலிக அரசு எட்டு மாதத்தில் கவிழ்ந்தது.

ஆகவே இப்படிப்பட்ட அரசு எவ்வளவு நாள் நீடித்தது என்று அளப்பது சரியல்ல. எவ்வளவு சீக்கிரம் மக்களிடம் வாக்குக் கேட்டது என்பதே அளவுகோல். நேபாளத்தில் 2025 செப்டெம்பரில் போராட்டத்துக்குப் பிறகு சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்ற கையோடு, 2026 மார்ச் 5 தேர்தல் நாள் என்று அறிவித்தார்கள். இங்கே மக்கள் இரண்டு வருடங்களுக்கு மேல் காத்திருந்தார்கள்.