பெருகும் மரத்தேவை: காடும் உழவரும்

நாட்டில் தொழிலும் வருவாயும் வளர வளர மரத்தின் தேவையும் வளர்கிறது. பள்ளிகள் பெருகினால் காகிதம் அதிகம் வேண்டும். கட்டடங்கள் எழும்பினால் சாரம் கட்டக் கம்புகள் வேண்டும். சரக்குகளை அனுப்ப அட்டைப் பெட்டிகள் வேண்டும். இந்தத் தேவை முதலில் காடுகளின் மேல் விழுந்தது. இன்று அது உழவரின் நிலத்தைத் தேடி வந்துள்ளது. இதனால் காடுகளுக்கு நேர்ந்தது என்ன, உழவர்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் என்ன, எவ்விடத்தில் எச்சரிக்கை தேவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

காடுகள் குறைந்த விதம்

1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியது. அக்காலத்தில் இரயில் எஞ்சின்களுக்கு விறகும் எரிபொருளாக இருந்தது. பக்கத்துக் காடுகளால் ஈடுகொடுக்க இயலாத நிலையில், சென்னையை ஒட்டிய கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. இன்று நாம் பயிரிடும் சவுக்கு இவ்வாறுதான் பரவியது.

நீலகிரியில் சோலைக் காடுகள் விறகுக்காக வெட்டப்பட்டன. அதனை ஈடுகட்டக் கற்பூர மரம் எனப்படும் தைலமரம் நடப்பட்டது. பின்னர் தோல் பதனிடத் தேவையான பட்டைக்காகச் சீகை மரமும், செயற்கைப் பட்டு இழைக்கான கூழுக்காகத் தைலமரமும் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. எருமை வளர்த்து வாழ்ந்த தோடர் மக்களின் மேய்ச்சல் நிலம் இதனால் சுருங்கியது. சோலையும் புல்வெளியும் மழைநீரைத் தேக்கிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுபவை. அந்நீரின் ஒரு பகுதி பவானி ஆற்றின் வழியே சமவெளிப் பாசனத்திற்கு வருகிறது. ஆகவே மலைக்காட்டின் இழப்பு கீழே உள்ள உழவரையும் பாதிக்கிறது.

தேவை வயலுக்கு வந்தது

1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் காட்டு நிலத்தைப் பிற பயன்களுக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்தியது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மரத்தை உழவர்களுடன் நேரடித் தொடர்பு கொண்டு பெற வேண்டும் என்று வலியுறுத்தியது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை, காடுகளில் மரம் வெட்டுவதை மேலும் கட்டுப்படுத்தியது.

இன்றைய கரூர் மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியபோது கரும்புச் சக்கையையே முக்கிய மூலப்பொருளாகக் கொண்டது. ஆயினும் மரக்கூழும் தேவைப்படவே, பிற்காலத்தில் உழவர்களுக்கு நாற்று வழங்கி, ஒப்பந்த முறையில் சவுக்கும் தைலமரமும் வளர்க்கும் திட்டத்தை மேற்கொண்டது. ஒரு டன் காகிதக்கூழ் செய்ய நன்கு உலர்ந்த மரம் 2 டன்னுக்கு மேல் வேண்டும். எனவே தேவை சிறிதன்று.

சவுக்கின் சிறப்பும் குறையும்

சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்துகிறது. ஆகவே மணற்பாங்கான நிலத்திலும் சவுக்கு வளர்கிறது. 3 முதல் 5 ஆண்டுகளில் வெட்டலாம். நேரான கம்பு சாரத்திற்கும், மற்றவை கூழுக்கும், மிளார் அடுப்புக்கும் பயன்படும்.

ஆனால் இது பல ஆண்டு நிலத்தை விட்டு அகலாத பயிர். விலை உயர்ந்திருக்கும் ஆண்டில் எல்லோரும் நடுகின்றனர். நான்கு ஆண்டு கழித்து எல்லாத் தோப்பும் ஒன்றாக வெட்டுக்கு வர, விலை இறங்குகிறது. மனமுடைந்தோர் தோப்பை அழித்து வேறு பயிருக்கு மாற, மறுபடியும் தட்டுப்பாடு தோன்றி விலை ஏறுகிறது. மேலும் ஆலைகள் வெளிநாட்டுக் கூழைத் தருவிக்கவும் வழி உண்டு. எனவே இன்றைய விலையை மட்டும் பார்த்து நடுவது சரியன்று.

கூலி வேலை செய்வோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிலக்கடலைக்குக் களையெடுக்க, செடி பிடுங்க, காய் பறிக்க என ஆண்டுதோறும் பெண்களுக்கு வேலை உண்டு. தோப்பில் நடவுக்கும் வெட்டுக்கும் மட்டுமே ஆட்கள் அதிகம் தேவை. ஊர் முழுவதும் தோப்பானால் அவர்கள் பிழைப்புக்கு வெளியூர் செல்ல நேரிடும்.

கவனிக்க வேண்டியவை

1. நிலம் முழுவதிலும் சவுக்கு நடாதீர்கள். உணவுக்கும் தீவனத்திற்கும் வேண்டிய நிலத்தை முதலில் ஒதுக்குங்கள். நல்ல பாசனமுள்ள நஞ்சையை மரத்திற்கு விடுவது சிறு உழவருக்கு ஏற்றதன்று.

2. மூன்று ஏக்கரில் நடுவதானால் ஆண்டுக்கு ஒரு ஏக்கராக நடுங்கள். வெட்டும் ஆண்டுதோறும் வரும். ஓர் ஆண்டு விலை இறங்கினாலும் முழு நட்டம் ஏற்படாது.

3. 1 மீட்டருக்கு 1 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 4,000 கன்றுகள் பிடிக்கும். 1.5 மீட்டர் இடைவெளியில் சுமார் 1,800 கன்றுகள் போதும். முதலாண்டில் வரிசைகளுக்கிடையே நிலக்கடலை, உளுந்து ஆகியவற்றை ஊடுபயிராகச் செய்யலாம்.

4. விலை பேசும்போது பச்சை எடைக்கா, உலர்ந்த எடைக்கா, பட்டையுடனா, பட்டை நீக்கியா என்று தெளிவாகக் கேளுங்கள். பாதிக்குப் பாதி ஈரமுள்ள 10 டன் பச்சை மரம், ஈரம் 30 சதமாகக் குறையும்வரை கிடந்தால் 7 டன் அளவே நிற்கும். லாரி வரும் நாளை உறுதி செய்த பின்னரே வெட்டத் தொடங்குங்கள். எடைமேடைச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள்.

5. ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச விலை, வெட்டுக் கூலியும் வண்டி வாடகையும் யாருடையவை, பணம் தரும் நாள் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து உழவர்கள் ஒன்றுசேர்ந்து விற்றால் தரகரை நம்பியிருக்க வேண்டியதில்லை.

6. கடலோரத்தில் புயலையும் கணக்கில் கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர்ப் பகுதியில் முந்திரி, பலாவுடன் சவுக்குத் தோப்புகளையும் சாய்த்தது.

மரம் வேண்டும் என்ற தேவை இனிக் குறையப் போவதில்லை. உழவர் நிலத்தில் விளையும் ஒவ்வொரு டன் மரமும் காட்டின் மேலுள்ள சுமையைக் குறைக்கும். ஆனால் உழவருக்குக் கட்டுப்படியான விலை கிடைத்தால்தான் அம்மரம் தொடர்ந்து விளையும். ஆகவே உழவர் பெருமக்கள் நிலத்தின் ஒரு பகுதியில் மட்டும், ஆண்டு முறை வைத்து, எழுத்து ஒப்பந்தத்துடன் மரம் வளர்த்துப் பயன்பெற வேண்டுகிறோம்.