இரண்டாம் மொழியும் ஒரு மூலதனமே!

ஓசூர்ப் பகுதி மக்களுக்குப் பன்மொழி புதிதன்று. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ் என ஒரே நாளில் மும்மொழி பேசுவோர் நம்மிடையே பலர். ஆயினும் அவற்றுள் எத்தனையை நம்மால் எழுத இயலும்? வேலை தேடிக் கடல் கடப்போரும் இத்தகைய கேள்விக்கே விடை கூற வேண்டியுள்ளது.

கனடாவை எடுத்துக்கொள்வோம். தொழில்திறன் மிக்கோரைக் குடியேற்ற அந்நாடு 2015-இல் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறையைத் தொடங்கியது. வயது, கல்வி, அனுபவம், மொழி ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. கணக்கில் வரும் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமே. ஆங்கில வழியில் பட்டம் பெற்றவரும் தேர்வெழுதியே தம் ஆங்கிலத்தை மெய்ப்பிக்க வேண்டும். பிரெஞ்சுக்கு டி.இ.எஃப். கனடா, டி.சி.எஃப். கனடா என்னும் தேர்வுகள் உள்ளன.

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் தனித்தனியே அளக்கப்படும். மணமாகாதவர் இரண்டாம் மொழியில் ஒன்பதாம் நிலையை எட்டினால், திறனுக்கு 6 வீதம் 24 புள்ளிகள் பெறலாம். பிரெஞ்சில் நான்கு திறன்களிலும் ஏழாம் நிலையும், ஆங்கிலத்தில் ஐந்தாம் நிலையும் இருந்தால் கூடுதலாக 50 புள்ளிகள். பிரெஞ்சில் எழுத்து மட்டும் ஆறாம் நிலையில் நின்றாலும் அந்த ஐம்பதும் கைநழுவும்!

தேர்வு முடிவு ஈராண்டுகளே செல்லும். எனவே மொழியை இன்றே கற்போம். தேர்வை விண்ணப்பத்தையொட்டி எழுதுவோம். என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களுக்கு வழி சொல்ல வீட்டில் ஆளில்லை. தரகர் சொல்லை நம்பாமல் விதிகளை நாமே படித்தறிதல் நன்று. செவிவழி வந்த மொழிக்கு எழுத்தையும் சேர்த்துக்கொள்வோம். அப்பயிற்சியைப் பக்கத்துக் கன்னடத்திலேயே தொடங்கலாமே!

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன்