தோண்டாமல் ஊரைத் தேடலாமா?

கேள்வி: மண்ணைத் தோண்டாமலே மிகப் பழைய குடியிருப்பைக் கண்டுபிடிக்க முடியுமா? எங்கள் ஸ்ரீரங்கத்தில் அப்படித் தேடலாமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: முடியும். அதற்குப் பெயர் மேற்பரப்பாய்வு. உழுது, மழை பெய்து ஓய்ந்த நிலத்தில் சீரான இடைவெளியில் வரிசையாக நடந்து, கண்ணில் படும் பானையோடுகளையும் கற்கருவிகளையும் வரைபடத்தில் குறிப்பார்கள். எது எங்கே அடர்ந்து கிடக்கிறது என்பதே துப்பு.

1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் அகழாய்வு நடத்தாமல்தான். பின்னர் அவர் கண்டறிந்த அதிரம்பாக்கத்தில் நடந்த அகழாய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழைமை உடையவை என்று காட்டியது.

பானையோட்டிலும் சேதி உண்டு. உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பு, வெளியே சிவப்பு என்றிருந்தால் அது கருப்பு-சிவப்பு ஓடு. தமிழகத்தில் பெரும்பாலும் இரும்புக் காலத்தையோ சங்க காலத்தையோ சேர்ந்தது. உங்கள் பக்கத்து உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் நடத்திய அகழாய்விலும் இவ்வகை ஓடுகள் கிடைத்தன.

ஆனால் ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் பழைய தடயங்களை ஆழத்தில் மூடியிருக்கலாம். மேலே ஒன்றும் இல்லை என்பதால் கீழேயும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தீவைவிட வெளியே உள்ள மேட்டு நிலங்களில்தான் மேற்பரப்பாய்வு நன்றாகப் பலிக்கும்.

ஓடு எதையாவது பார்த்தால் எடுத்து வீட்டில் வைக்காதீர்கள். இடம் மாறினால் பாதிச் சேதி போய்விடும். படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.