நிரலைச் சீராக்கும் கருவி

கீழேயுள்ள மூன்று வரிகளைப் பாருங்கள். சி மொழியில் அமைந்த ஒரு நிரலின் சிறு பகுதியை உங்கள் வசதிக்காகத் தமிழ்ச் சொற்களில் தந்திருக்கிறேன்.

பிழை நேர்ந்திருந்தால்
    தோல்விப் பகுதிக்குத் தாவு;
    தோல்விப் பகுதிக்குத் தாவு;

படித்ததும் என்ன தோன்றுகிறது? பிழை நேர்ந்தால் தாவ வேண்டும். அக்கட்டளை கைதவறி இருமுறை எழுதப்பட்டுவிட்டது. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை என்றுதானே? கணிப்பொறி அவ்வாறு படிப்பதில்லை. சி மொழியில் நெளிவு அடைப்புக்குறி இல்லாத 'இஃப்' நிபந்தனை, தன்னை அடுத்து வரும் ஒரே ஒரு கட்டளையைத்தான் கட்டுப்படுத்தும். இரண்டாவது கட்டளை நிபந்தனைக்கு வெளியே நிற்கிறது. ஆகவே பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணிப்பொறி அங்கிருந்து தாவியே தீரும்.

இது பாடத்திற்காகக் கற்பித்த உதாரணம் அன்று. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன், மாக் கணிப்பொறி ஆகியவற்றின் பாதுகாப்பு நிரலில் இப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. நீங்கள் ஒரு வங்கியின் இணையதளத்தைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் இருப்பது உண்மையில் அந்த வங்கிதானா என்பதை, அது அனுப்பும் மின்கையொப்பத்தைக் கொண்டு உங்கள் கருவி சோதிக்க வேண்டும். அச்சோதனைக்குச் சற்று முன்பாக இந்த இரண்டாவது 'தாவு' நின்றது. அதுவரை பிழை ஏதும் நேரவில்லையாதலால் பிழை எண் சுழியமாகவே இருந்தது. நிரல் கையொப்பத்தைச் சோதிக்காமலே தாவி, 'எல்லாம் சரி' என்று விடை சொல்லிவிட்டது! இடையில் புகுந்த ஒருவன் வங்கியாக வேடமிட்டாலும் ஏமாறக்கூடிய நிலை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் இதைத் திருத்தி வெளியிட்டது. மூலநிரலில் இருந்த சொற்களைக் கொண்டே 'கோட்டு ஃபெயில்' பிழை என்று இதனைக் குறிப்பிடுகிறார்கள்.

அந்த வரியைப் பார்த்தவர் கண்ணுக்கு அது ஏன் உறுத்தவில்லை? உள்தள்ளல்தான் காரணம். இரண்டாவது வரியும் முதல் வரியைப் போலவே நான்கு இடம் தள்ளி நின்றதால், அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டது என்று கண் நம்பிவிடுகிறது. கணிப்பொறிக்கு ஏற்ப நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரோ, சி மொழியில் இந்த வெற்றிடங்களைப் பொருட்படுத்துவதே இல்லை. அரைப்புள்ளியையும் அடைப்புக்குறியையும் மட்டும் பார்க்கிறது. மனிதன் வடிவத்தைப் படிக்கிறான். கம்பைலர் குறிகளைப் படிக்கிறது. இரண்டும் வேறுபடும் இடத்தில் இத்தகைய பிழை ஒளிந்துகொள்கிறது.

அப்படியானால் குறிகளைக் கொண்டே வடிவத்தை அமைத்துவிட்டால் என்ன? அதைத்தான் சீராக்கி செய்கிறது. நாம் இட்ட வெற்றிடங்களையும் வரிமுறிவுகளையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, கம்பைலர் பார்க்கும் குறிகளை மட்டும் வைத்து நிரலை மீண்டும் அடுக்குகிறது. மேலே கண்ட பகுதியை அதனிடம் கொடுத்தால் இப்படித் திருப்பித் தரும்:

பிழை நேர்ந்திருந்தால்
    தோல்விப் பகுதிக்குத் தாவு;
தோல்விப் பகுதிக்குத் தாவு;

மூன்றாவது வரி ஓரத்திற்கு வந்துவிட்டது பாருங்கள்! சீராக்கி பிழையைத் திருத்தவில்லை. அது பிழை என்பதும் அதற்குத் தெரியாது. ஆனால் இனி அந்த வரி நம் கண்ணுக்குத் தப்பாது. (2016-இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 6-ஆம் பதிப்பு முதல், இத்தகைய பொய்யான உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கும் வசதியும் உண்டு.)

சி, சி++ மொழிகளுக்குப் பெரிதும் பயன்படும் சீராக்கி கிளாங்-ஃபார்மட் என்பதாகும். இது எல்எல்விஎம் என்னும் திட்டத்தைச் சேர்ந்தது, விலை இல்லை. நீண்ட வரியை எங்கே முறிப்பது என்று இது முடிவு செய்யும் முறை, இயற்பியல் படிக்கும் உங்களுக்குப் பிடிக்கும். முறிக்கக்கூடிய ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு 'தண்டம்' உண்டு. வரி எல்லையைத் தாண்டும் எழுத்துகளுக்கும் தண்டம் உண்டு. எல்லா வழிகளிலும் மொத்தத் தண்டம் மிகக் குறைந்த வழியைக் கருவி தேர்ந்தெடுக்கிறது. ஒளி மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில் செல்கிறது என்று 1662-இல் ஃபெர்மா கூறியது நினைவுக்கு வருகிறதல்லவா? அந்த வழியைத் தேட இக்கருவி பயன்படுத்துவது, டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் 1959-இல் வெளியிட்ட குறும்பாதை முறை. 'கோட்டு' கட்டளையே தீங்கானது என்று 1968-இல் வாதிட்டவரும் அவரேதான்!

இனி நிறுவும் முறை. கணிப்பொறியில் பைத்தான் இருந்தால், கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'பிப் இன்ஸ்டால் கிளாங்-ஃபார்மட்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் போதும். கிளாங் என்பதை சி, எல், ஏ, என், ஜி என்று எழுத வேண்டும். உபுண்டு பயன்படுத்துவோர் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கிளாங்-ஃபார்மட்' என்று இடலாம்.

பாடம்.சிபிபி என்ற கோப்பைச் சீராக்க, கருவியின் பெயரையும் அடுத்துக் கோப்பின் பெயரையும் இடுங்கள். சீரான நிரல் திரையில் தோன்றும், கோப்பு மாறாது. முதலில் இப்படிப் பார்த்துக்கொள்வதே நல்லது. திருப்தியானால், இரண்டு பெயர்களுக்கும் இடையில் ஒரு சிறுகோட்டையும் அதை ஒட்டி சிறிய 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தையும் சேர்த்து இடுங்கள். இப்போது கோப்பே மாறிவிடும்.

உங்கள் விருப்பங்களைக் கருவிக்குச் சொல்ல, நிரல் இருக்கும் அடைவில் ஒரு சிறு அமைப்புக் கோப்பு வேண்டும். அதன் பெயரும் கிளாங்-ஃபார்மட்தான். ஆனால் முன்னால் ஒரு புள்ளி உண்டு. அதில் மூன்று வரிகள் போதும்:

பேஸ்டுஆன்ஸ்டைல்: எல்எல்விஎம்
இண்டென்ட்வித்: 4
காலம்லிமிட்: 80

இவற்றையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஒட்டி எழுதிய ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்து. முதல் வரி ஆயத்தமான ஒரு பாணியைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாவது, உள்தள்ளல் 4 இடம் என்கிறது. இதைச் சொல்லாவிட்டால் அப்பாணியில் 2 இடம்தான். மூன்றாவது, ஒரு வரியின் நீள எல்லை. விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போது பெயரின் கடைசியில் '.டிஎக்ஸ்டி' தானாக ஒட்டிக்கொண்டால் கருவி அக்கோப்பைக் கண்டுகொள்ளாது, கவனியுங்கள். இன்னும் எத்தனையோ அமைப்புகள் உண்டு. அவற்றையெல்லாம் திருகிக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவதுதான் என்பது என் கருத்து.

ஓர் எச்சரிக்கை. நிரலின் தலைப்பில் வரும் 'இன்குளூட்' வரிகளை எல்எல்விஎம் பாணி அகரவரிசைப்படுத்தும். ஒரு தலைப்புக் கோப்பு மற்றொன்றைச் சார்ந்திருந்தால், வரிசை மாறியதும் நிரல் ஓடாமல் போகலாம். சீராக்கியபின் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பைத்தான் மொழியில் இதே விளையாட்டைக் காட்ட முடியாது. அங்கே உள்தள்ளலே குறி. ஒரு வரியைத் தள்ளினால் பொருளே மாறிவிடும். ஆதலால் 2018-இல் வெளிவந்த பிளாக் போன்ற பைத்தான் சீராக்கிகள், எந்த வரி எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்பதில் கை வைப்பதில்லை. மேற்கோள் குறி, இடைவெளி, வரியின் நீளம் ஆகியவற்றையே ஒழுங்கு செய்கின்றன. பிளாக்கில் வரியின் நீளம் இயல்பாக 88 எழுத்து.

செய்து பாருங்கள்: மேலே கண்ட மூன்று வரிகளை ஒத்த நிரலொன்றைச் சி++ மொழியில் எழுதுங்கள். 'தாவு' என்பதற்குப் பதிலாக எதையாவது அச்சிடும் கட்டளைகள் இரண்டை இடலாம். எல்லா வரிகளையும் இடது ஓரத்தில் ஒட்டியே எழுதிச் சீராக்கியிடம் கொடுங்கள். பிறகு அவ்விரண்டு கட்டளைகளையும் நெளிவு அடைப்புக்குறிக்குள் இட்டு மீண்டும் கொடுங்கள். இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி இடம் பெயர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.